மழை இடம்

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். அங்கதான் காத்து வரும்.

தெரியும் சார், ஆபீசருங்களுக்கு எப்பவும் அவசரம்தான். பெரிய டீச்சர் சீல் எடுக்கத்தான் போயிருக்காங்க. சீல் பீரோவுல இருக்கு. பீரோ சாவி சின்ன டீச்சர்கிட்ட இருக்கு. சின்ன டீச்சர் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க, ஆனா பெரிய டீச்சருக்கு முழங்கால் வலி. மெதுவாத்தான் வருவாங்க. சீல் இல்லாம உங்க ரிப்போர்ட்ட மேல அனுப்ப முடியாதுல்ல? அதான். டிரைவரா? டீ குடிக்கப் போயிருக்காரு. நம்ம ஆளுங்க கூட்டிட்டுப் போயிருக்காங்க. நல்ல கடை. கொஞ்சம் தூரம்.

நானா? நான் பெற்றோர் சங்கத் தலைவர் சார். என் மகன் இங்க படிச்சப்ப தலைவரானேன். இப்ப அவன் மக படிக்கிறா, இன்னும் நான்தான். என்னை எதிர்த்து நிக்க இங்க ஆளே இல்லன்னு பெருமையா சொல்லிக்குவேன். என் வீட்டுக்காரி சொல்லுவா, எதிர்த்து நின்னா நீ பேசறத உக்காந்து கேக்கணும்ல, அதுக்குப் பயந்துதான் யாரும் நிக்கலன்னு. தெருவுல என்னை மைக்செட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவாங்க. நான் கோவிச்சுக்கறதில்ல. மைக்செட்டு இல்லாம எந்தக் கூட்டம் நடந்திருக்கு?

உங்கள சார்னு கூப்பிடறேன். வயசப் பாத்தா தம்பின்னுதான் கூப்பிடணும். ஆனா நீங்க இப்ப அரசாங்கமால்ல வந்திருக்கீங்க? அரசாங்கத்தத் தம்பின்னு கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல. திட்டித்தான் பழக்கம்.

படிப்பு? இதே பள்ளிக்கூடம்தான், அஞ்சாவது வரைக்கும். மிச்சமெல்லாம் அச்சகத்துல. துண்டறிக்கை மடிக்கிற வேலை பாத்தேன். மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுவேன். கூலி உயர்வு, விலைவாசி, உலக சமாதானம், மூலம் பௌத்திரத்துக்கு மருந்து, எல்லாம் படிச்சேன். அதனால உலகத்துல எதைப் பத்திக் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரியும். மறுபக்கம் காலியா இருக்கும்.

சிரிச்சிட்டீங்க. நல்லது. சிரிக்கற ஆபீசர நான் இப்பதான் பாக்கறேன்.

வரும்போது ஒரு பெரிய ரோட்டத் தாண்டி வந்தீங்களா? நடுவுல செடி வச்சு, ரெண்டு பக்கமும் கார் பறக்குமே. அதான் சார் எல்லை. அதுக்கு அந்தப் பக்கம் மேல் வார்டு, இந்தப் பக்கம் கீழ் வார்டு. ஒரே ஊரு. ஒரே மேயரு. தேர்தல்ல ஒரே சின்னத்துக்குத்தான் ரெண்டு பக்கமும் ஏமாந்தோம். ஆனா வீட்டு வரி மட்டும் எந்த வார்டுல வசூலாகுதோ அந்த வார்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் செலவாகும். சட்டம்! அந்தப் பக்கத்துல ஒரு வீடு கட்டற வரிய இந்தப் பக்கம் ஒரு தெருவே சேந்தாலும் கட்ட முடியாது. நாய்க்குன்னு தனி ரூம் வச்ச வீடு சார் அதெல்லாம். அந்த நாய் ரூமுக்கு விழற வரியில எங்க பள்ளிக்கூடத்துக்கு வருஷம் பூரா சாக்பீஸ் வாங்கலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அவங்க சாக்கடை எங்க வார்டு வழியாத்தான் போகுது. நான் ஒரு கூட்டத்துல கேட்டேன். ஐயா, உங்க சாக்கடை ரோட்டத் தாண்டி வருதே, உங்க வரிக்கு மட்டும் எப்பிடிய்யா கால் வலிக்குதுன்னு. அன்னைக்குக் கை தட்டல் இருக்கே சார், மேடை அதிர்ந்துச்சு. மேயரே தட்டினாரு. தட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

டீ வேணுமா? சொல்லியிருக்கேன். வரும். சர்க்கரை வாங்கப் போயிருக்காங்க.

மணி பாக்காதீங்க சார். கடிகாரம் பாக்கற மனுசனுக்கு சீல் சீக்கிரம் வந்துடுமா என்ன? எங்க விட்டேன்? ஆங், மேல் வார்டு பள்ளிக்கூடம். அங்க நீச்சல் குளம் இருக்கு. குளத்துக்குன்னு தனியா ஒரு வாத்தியாரு. எங்களுக்கு மொத்தமே ரெண்டரை டீச்சர். அரை யாருன்னா பாட்டு டீச்சர். வாரத்துல பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. அங்க போற நாள்ல பாட்டு சொல்லித் தர்றாங்க. இங்க வர்ற நாள்ல கணக்கு எடுக்கறாங்க. அதனால எங்க பிள்ளைங்க வாய்ப்பாட்ட ராகமா சொல்லும். இப்ப கேக்குது பாருங்க, பக்கத்து ரூம்ல. ஏழாம் வாய்ப்பாடு. அது கொஞ்சம் சோகமான ராகம்.

நீச்சல் குளம் எங்களுக்கும் இருக்கு சார். ஆனா மேல இருந்து வரும். மழை பேஞ்சா இந்தக் கூரை இருக்கே, இது கூரை இல்ல, சல்லடை.

ஆமாமா, நீங்க மேல பாக்கறது புரியுது. ஒரு கறையும் இல்ல. வெள்ளையா பளிச்சுனு இருக்கு. அதுக்கு வர்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

ஒழுகுதுன்னு மனு கொடுத்தோம். போட்டோ கொண்டான்னாங்க. கொண்டுபோனா, இது எந்தக் கூரைன்னு எப்பிடித் தெரியும்னாங்க. நியாயந்தான, ஒழுகற கூரையெல்லாம் ஒரே மூஞ்சிதான். சரி, இவனுங்களுக்குப் பொருளாதார விளக்கம் போதாது, பொருளே வேணும்னு முடிவு பண்ணினேன். ஒரு மழை நாள்ல ஒழுகின தண்ணிய வாளில புடிச்சு, மூடி போட்டு, பஸ் ஏறி உங்க ஆபீசுக்கே போயிட்டேன். கண்டக்டர் வாளிக்கும் டிக்கெட் கேட்டாரு. ஆபீசர் மேசை மேல வச்சு, ஐயா, இதான் எங்க கூரைன்னேன். அவரு மூடியத் தொறந்து பாத்தாரு. மூடினாரு. இது குழாய்ல புடிச்ச தண்ணி இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்னாரு. ஐயா, எங்க வார்டு குழாய்ல தண்ணியே வராது, அதுதான் ஆதாரம்னேன். அவரு யோசிச்சாரு. பரிசோதனைக்கு அனுப்பணும், வாளிய விட்டுட்டுப் போங்கன்னாரு.

விட்டுட்டு வந்துட்டேன். பரிசோதனை இன்னும் முடியல.

நீங்க அப்ப வேலைக்கே வந்திருக்க மாட்டீங்க, உங்களக் குத்தம் சொல்லல. ஆனா ஸ்டோர் ரூம்ல எங்கயாச்சும் நீலக் கலர்ல ஒரு வாளியப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. அது என் வீட்டுக்காரியோட வாளி. புதுசு. வாங்கி ஒரு தடவகூட அவ துணி ஊற வைக்கல. புரட்சி இன்னும் வரலைங்கறத அவ மன்னிச்சிட்டா சார். வாளி வரலைங்கறத மன்னிக்கல. ராத்திரி நான் எந்த நாட்டு நிலவரத்தப் பத்திப் பேசினாலும் கடைசில வாளிலதான் கொண்டாந்து நிறுத்துவா.

அப்பறம்தான் இந்தப் பின்தங்கின பள்ளி நிதி வந்துச்சு. தானா வரல, நாங்க வர வச்சோம். பெரிய ரோட்ல படுத்து வர வச்சோம். தார் ரோட்ல, உச்சி வெயில்ல. எந்திரிக்கும்போது என் சட்டை ரோட்டோட இருந்துச்சு. அந்த நிதிக்கு விதி என்ன? உங்களுக்குத் தெரியாததா. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ அதிகாரி நேர்ல வரணும். தன் கண்ணால பாக்கற குறைய மட்டும் எழுதணும். யாரும் சொன்னத எழுதக்கூடாது. நல்ல விதின்னு அன்னைக்கு நானே கைதட்டினேன். தட்டின கைய இப்ப என்ன பண்றதுன்னு தெரியல.

போன தடவ ஒருத்தர் வந்தாரு. வயசானவரு, சாது. வர்றாருன்னு சேதி வந்தப்ப நான் வெளியூர் மாநாட்டுல இருந்தேன். இங்க நம்ம சனங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பெரிய ஆபீசர் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்றாருன்னு சொல்லி, கல்யாண வீடு மாதிரி ஆக்கிட்டாங்க. இந்தத் தெருவுல எல்லாரும் தொழிலாளிங்க சார். பெயிண்டர் இருக்கான், தச்சர் இருக்காரு, பிளம்பர் இருக்கான். மேல் வார்டு வீடெல்லாம் பளபளன்னு இருக்கே, இவங்க கைதான். அத்தனை பேரும் வேலைய விட்டுட்டு இங்க எறங்கிட்டாங்க. கூரை மேல தார்ப்பாய் கட்டி, பாய் தெரியாம இருக்க ஓட்டு நெறத்துல பெயிண்ட் அடிச்சாங்க! சுவத்துக்கு வெள்ளை. ஆட்டமெடுத்த பெஞ்செல்லாம் முட்டுக் கொடுத்து நிறுத்தினாங்க. ஒரு வீட்டுல இருந்து ஃபேன், ஒரு வீட்டுல இருந்து திரைச்சீலை, என் வீட்டுல இருந்து சுவர்க் கடிகாரம். அது எப்பவும் கொஞ்சம் முன்னால ஓடும், என்னை மாதிரி.

அந்த ஆபீசர் சுத்திப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சாம் அவருக்கு. இவ்வளவு ஏழைப் பகுதியில இவ்வளவு அருமையான பள்ளிக்கூடமான்னாராம். எழுதினாரு. நிதி தேவையில்ல. அதோட ஒரு பாராட்டுப் பத்திரமும் அனுப்பி வச்சாங்க. மிகச் சிறந்த பராமரிப்பு! அதோ, உங்க பின்னாடி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே. கழட்டிடலாம்னு நான் எத்தனையோ தடவ சொன்னேன். கழட்டினா பின்னாடி சுவத்துல ஊறின ஓதம் தெரியும்னு பெரிய டீச்சர் விட மாட்டேங்கறாங்க.

தார்ப்பாயா? அந்த வெயில்லயே பிஞ்சு போச்சு. ஃபேன் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருச்சு. பத்திரம் மட்டும் நெலச்சு நிக்குது.

நீங்க கேக்கறது சரி. எல்லாத் தொழிலும் தெரிஞ்சவங்க இருக்கீங்களே, கூரைய நீங்களே போட வேண்டியதுதானன்னு கேக்கறீங்க. சட்டம் போடறவங்களும் இதத்தான் கேக்கறாங்க. சார், மேல் வார்டுல ஒரு டாக்டர் இருக்காரு, அவரு பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது. அங்க எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சல்னா அவரு போய் ஊசி போடறாரா? நர்ஸ் வச்சிருக்காங்க, சம்பளம் கொடுத்து. நாங்க மட்டும் வரியும் கட்டணும், சித்தாள் வேலையும் பாக்கணும். இந்தக் கூரையில விட்டமே உளுத்துப் போச்சு. அது பிரிச்சுப் போடற வேலை. ஒட்டுப்போட்டு இனிமே நிக்காது.

அந்தப் பத்திரம் வந்த சூட்டுல ஊர்வலம் போனேன் பாருங்க, மேல் வார்டு பள்ளிக்கூடத்துக்கே. அந்தப் பிரின்சிபால்தான் நகரக் கல்விக் குழுவுக்குத் தலைவரு. துண்டறிக்கை நானே எழுதினேன். தீப்பொறி பறந்துச்சு அதுல. வாசலுக்குப் போனோம். கையில ஏணியும் பெயிண்ட் வாளியும் இருந்துச்சு, வேலையிலிருந்து நேரா வந்தவங்கதான? காவலாளி எங்களப் பாத்தான். வேலைக்கு வந்தவங்க பின் வாசல் வழியாப் போங்கன்னு கதவத் தொறந்து விட்டுட்டான். நான் முழக்கம் போட வாயத் தொறக்கறதுக்குள்ள எல்லாரும் உள்ள போயிட்டாங்க. அவங்களுக்குப் பின் வாசல் பழக்கம் சார்.

உள்ள போனா... என்ன சொல்றது. பாட்டு வாத்தியம் வைக்க ஒரு ரூம். செடி வளக்க ஒரு ரூம். இன்னொரு ரூம்ல ஒண்ணுமே இல்ல, மெத்தைதான் போட்டு வச்சிருக்கு. இது எதுக்குன்னு ஆயாம்மாகிட்ட கேட்டேன். பிள்ளைங்களுக்கு மனசு சரியில்லன்னா இங்க வந்து சும்மா உக்காந்திருக்கும்னாங்க. சும்மா இருக்கறதுக்கு ஒரு ரூம் சார்! எங்க ஒண்ணாங்கிளாசும் ரெண்டாங்கிளாசும் ஒரே ரூம்ல முதுக ஒட்டி உக்காந்திருக்கு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு முழக்கத்துக்குத் தயாரானேன். திரும்பிப் பாத்தா நம்ம பிளம்பரக் காணோம். எங்கன்னா, கை கழுவற எடத்துல ஒரு குழாய் சொட்டு சொட்டா ஒழுகிட்டு இருந்திருக்கு. அவனுக்குப் பொறுக்கல. பையத் தொறந்து வாஷர் மாத்திட்டு இருக்கான்! அடேய், நாம போராட வந்திருக்கோம்டாங்கறேன். இருண்ணே, ஒரு நிமிஷம், தண்ணி வீணாப் போகுதுங்கறான். அதைப் பாத்துட்டு தச்சரு, இந்தக் கதவு கொஞ்சம் இழுக்குதேன்னு எறங்கிட்டாரு. பிரின்சிபால் வந்து பாத்தாரு. ரொம்ப சுத்தமான வேலை, நன்றின்னாரு. மனுவ நீட்டினேன். பில்லா, ஆபீஸ்ல கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

வரலாற்றுலயே, எதிரியோட கதவுக்குக் கீல் மாத்திக் கொடுத்துட்டு வந்த போராட்டம் எங்களதுதான் சார். நான் வாரக்கணக்கா யார்கூடயும் பேசல. அவ்வளவு அமைதியா இருந்ததுக்குத் தெரு சார்பா அந்தப் பிளம்பருக்கு நன்றி வேற சொன்னாங்களாம்.

என்ன, இருட்டற மாதிரி இருக்கா? இல்ல சார், மரம் நெழல். இந்த ரூம் எப்பவும் கொஞ்சம் மங்கல்தான்.

என் பேத்தி கதையச் சொல்லிடறேன், அதுக்குள்ள சீல் வந்துடும். மூணாங்கிளாஸ் படிக்கிறா. மேல் வார்டு பள்ளிக்கூடத்துல எல்லாப் பள்ளிக்கும் சேத்து ஓவியப் போட்டி வச்சாங்க. தலைப்பு, என் வகுப்பறை. இவ என்ன வரைஞ்சா? பக்கத்து ரூமத்தான் வரைஞ்சா, அதான் அவ வகுப்பு. நடுவுல ஒரு வாளி, மூலையில ஒரு வாளி, ஜன்னலோரம் ஒரு சட்டி. பிள்ளைங்க எல்லாம் ஒரே ஓரமா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. டீச்சர் மேசைக்குக் கீழ ரெண்டு பிள்ளைங்க. டீச்சர் குடை புடிச்சுக்கிட்டு போர்டுல எழுதறாங்க. ஒரு கோடுகூடப் பொய் கிடையாது சார். பரிசு கொடுத்தாங்க அவளுக்கு. எதுக்குத் தெரியுமா? சிறந்த கற்பனைக்கு!

நான் மேடைக்குப் போய் மைக்கப் புடுங்கப் பாத்தேன். என் வீட்டுக்காரி சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டா. பிள்ளை சந்தோசமா இருக்கா, கெடுக்காதன்னா. பேத்தி வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டா, தாத்தா, கற்பனைன்னா என்னன்னு. என்னத்தச் சொல்ல? அவங்க நம்பாததுக்குப் பேரு கற்பனைம்மான்னு சொன்னேன்.

சரி, இந்தத் தடவைக்கு வர்றேன். நீங்க வர்றீங்கன்னு கடுதாசி வந்ததும் கூட்டம் போட்டேன். எல்லாரையும் உக்கார வச்சு, தோழர்களே, இந்தத் தடவ ஒருத்தர்கூடத் தொடப்பத்தத் தொடக்கூடாது, பெயிண்ட் டப்பா தொறக்கக்கூடாது, கறை கறையாவே இருக்கட்டும், இது நம்ம வாழ்வா சாவான்னேன். இந்த வருஷ மழைக்கு அந்த விட்டம் தாங்காது, பிள்ளைங்க தலையில எறங்கும், இந்த நிதி கிடைக்கலன்னா இன்னும் அஞ்சு வருஷம்னேன். எல்லாரும் கை தூக்கினாங்க. பெயிண்டர் ரெண்டு கையையும் தூக்கினான்.

இன்னைக்குக் காலையில வந்து பாக்கறேன். நீங்க பாக்கறதத்தான் நானும் பாத்தேன். வெள்ளை! மேல, கீழ, சுத்தி, எல்லாம் வெள்ளை. தரையில மூஞ்சி பாக்கலாம். யாருடா இது கருங்காலின்னு கத்தினேன். ஏணி மேல இருந்து ஒரு குரல், ஏன் கத்தற, நான்தான்னுச்சு. பாத்தா என் வீட்டுக்காரி. தலையில துணி கட்டிக்கிட்டு, கையில பிரஷோட. கூட தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும்.

நான் சொன்னேன், ஏண்டி, ஓட்டைய மறைச்சா எவன் பணம் கொடுப்பான், உனக்கு அரசியல் தெரியுமான்னு. அவ எறங்கி வந்தா. நிதானமாச் சொன்னா. என் பேத்தி உக்கார்ற எடம் இது. வர்றவன் வாசல்ல நின்னு மூக்கச் சுளிச்சு, ஐயோ பாவம்னு அவளப் பாக்கறத நான் பாக்க மாட்டேன். மேல் வார்டுக்காரன் பணம் வாங்கறதுக்குத் தன் பிள்ளையோட அழுக்க யாருக்காவது காட்டறானா? நாம மட்டும் ஏன் காட்டணும்? கேட்டுட்டு என்னையே பாத்துட்டு நிக்கிறா.

எனக்குப் பதில் வரல சார். எனக்கு! போலீஸ் ஸ்டேஷன்ல, கோர்ட்டுல, மேயர் முன்னாடி எங்கயும் பதில் இல்லாம நின்னதில்ல. எந்தத் துண்டறிக்கையிலயும் நான் அதப் படிக்கல. அது மறுபக்கத்துல இருந்திருக்கும் போல.

எங்க எந்திரிக்கறீங்க? சீல நாளைக்கு ஆபீசுக்கு அனுப்பவா? அதெப்பிடி சார்... இருங்க. எழுதிட்டீங்களா? குறைகள் எதுவும் காணப்படவில்லை. ம். தலைகீழாப் படிக்க எனக்கு வரும், அச்சகப் பழக்கம். நல்ல கையெழுத்து உங்களுக்கு. தப்பா எழுதலியே, கண்ணால பாத்ததத்தான எழுதியிருக்கீங்க. ஆனா உக்காருங்க. டிரைவர் இல்லாம எப்பிடிப் போவீங்க? அதுவும் இந்த நேரத்துல கெளம்பினா, மழை வந்துச்சுன்னா பாலத்துக்கடியில தண்ணி நின்னுடும், கார் போகாது. அதனாலதான உங்க ஆளுங்க யாரும் மழைக் காலத்துல இந்தப் பக்கமே வர்றதில்ல. இல்ல இல்ல, மழை வராது. சும்மா சொன்னேன். உக்காருங்க.

என்ன சத்தமா? அது ஒண்ணுமில்ல. பெஞ்சு நகத்தறாங்க.

வாய்ப்பாடு நின்னுருச்சு பாத்தீங்களா. உக்காந்த எடத்துல இருந்தே அந்தக் கதவு வழியாப் பாருங்க. பாருங்களேன். சின்ன டீச்சர் ஒண்ணும் சொல்லல, அவங்க பீரோகிட்ட நிக்கிறாங்க. பிள்ளைங்க தானா எந்திரிச்சு எடம் மாறுதுங்க. தள்ளல, சண்டை போடல. எங்க பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு எடம் சார். சேந்த அன்னைக்கே ரெண்டையும் சொல்லிக் கொடுத்துடுவோம். இது உன் வெயில் இடம், அது உன் மழை இடம். மண் வாசனை வந்தாப் போதும், யாரும் சொல்ல வேண்டாம், போய் உக்காந்துடும். அதோ, ரெட்டை ஜடை போட்டு, மேசைக்குக் கீழ நுழையுதே ஒண்ணு. அதான் கற்பனைக்குப் பரிசு வாங்கின புள்ள.

தொடச்சுக்குங்க சார். இல்ல, வேர்வை இல்ல அது. ஏசித் தண்ணியா? எங்க சார் ஏசி! இன்னொண்ணு விழுது பாருங்க, உங்க பேப்பர் மேல. குறைகள் எதுவுமில்லங்கற எடத்துலயே விழுந்துருச்சு. நான் ஒண்ணும் பண்ணல, அது தானாத் தேடிப் போய் விழுது.

நாற்காலிய நகத்திப் பாருங்க, பரவாயில்ல. அங்கயும் வருதா? இந்த ரூம்லயும் ஜன்னலோரம் ஒரு சட்டிக்குச் சொந்தமான எடம் அது. இன்னும் தள்ளிப் போங்க. ஆங், அங்கயும். அந்த மொத நாற்காலிக்கே போயிடுங்க சார். கால் எல்லாம் ஆடாது. இந்தப் பள்ளிக்கூடத்துலயே நல்ல நாற்காலி அதுதான். இந்த ரூம்ல ஒழுகாத எடமும் அது ஒண்ணுதான்.

கோவிச்சுக்காதீங்க. யாரும் பொய் சொல்லல. பீரோ சாவி நெசமாவே சின்ன டீச்சர்கிட்டதான் இருக்கு. டீக்கடை நெசமாவே தூரம்தான். முழங்கால் வலியும்... அது பாதி நெசம்.

காலையில என் வீட்டுக்காரி பேசினதுல மிச்சத்தச் சொல்லல உங்களுக்கு. நான் பதில் இல்லாம நின்னேன்ல, அவ ஜன்னல் வழியா வானத்த ஒரு பார்வை பாத்தா. துணி காயப் போடறவளுக்குத் தெரியாத வானமா? மத்தியானத்துக்கு மேல வந்துடும்னா. தரை சுத்தமா இருக்கட்டும்யா, தொடச்ச தரையில ஒழுகினாத்தான் சொட்டுச் சொட்டாத் தெரியும்னா. அப்பறம் சொன்னா, வாழ்நாளெல்லாம் பேசின, ஒரு கூரைகூட மாறல. இன்னைக்கு மட்டும் மழை வர்ற வரைக்கும் பேசு, அது போதும்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாய மூடுன்னு சொன்னவ, மொத தடவையாப் பேசுய்யான்னு அனுப்பி வச்சா சார். அதான் பேசினேன்.

இந்தா, பெரிய டீச்சரும் வந்துட்டாங்க சீலோட. ஓடியே வர்றாங்க. அவங்க பின்னாடி ரெண்டு கையிலயும் வாளியோட வர்றாளே, அதான் எங்க வீட்டம்மா. சார் பக்கத்துல ஒண்ணு வைம்மா, பேப்பர் நனையுது.

எழுதுங்க சார். எழுதினதக் கோடு போட்டு அடிச்சிட்டு மெதுவா எழுதுங்க. இனிமே நான் வாயத் தொறக்கல.

ஒண்ணே ஒண்ணு. இந்த வாளிய மட்டும் ஆதாரத்துக்குன்னு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க. நான் வீட்டுக்குப் போகணும்.